இடது முன்சக்கரம்

என் கொழுந்தனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஸ்டெத்து இருக்காரா?" என்றுதான் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். யாரோ ஒரு டாக்டர் தன் பழைய ஸ்டெதஸ்கோப்பைக் குப்பையில் போடப் போனபோது இவன் கேட்டு வாங்கி வந்தான். நெஞ்சில் வைக்கிற வட்டத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாண் நீள இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டான். ஓடுகிற எஞ்சினில் அந்தக் கம்பியை அங்கங்கே வைத்துக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிரீஸ் கையோடு அவன் நிற்பதைப் பார்த்து, "இந்த டாக்டரைப் பார்த்தா செத்தவன்கூட எழுந்து ஓடிடுவான்" என்று நான் கேலி செய்வேன். அதெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

முன்சக்கரத்துச் சத்தம் என்றால் அவனுக்குத் தனிப் பிரியம். "ஓடும்போது முன்னாடிலேர்ந்து ஊன்னு ஒரு சத்தம் வருதுங்க" என்று யாராவது வந்தால், கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வருவான். அந்த முனகலுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, சக்கரம் சுழல்வதற்காக உள்ளே இருக்கிற பேரிங் தேய்ந்திருக்கும், அது ஆபத்து. இன்னொன்று, டயர் சீராகத் தேயாமல் படிக்கட்டு மாதிரி மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். அது தொல்லை, அவ்வளவுதான். கேட்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி குரல் மாதிரி ஒரே மாதிரி இருக்கும். பிரித்துச் சொல்வதில்தான் சாமர்த்தியம்.

வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிப்போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் அடங்கியும் முனகல் அடங்காவிட்டால் அது சக்கரத்துச் சத்தம். பிறகு ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அப்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். முனகல் கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடது. எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஒரே சீராக முனகி, ரோடு மாறும்போது மட்டும் குரல் மாறினால் டயர். எல்லாம் முடிந்து வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களை மேலே இருக்கிற ஸ்பிரிங்கில் வைப்பான். பேரிங் கெட்டிருந்தால் உள்ளே மணல் அரைபடுவது மாதிரி விரலுக்குத் தெரியும். "காதை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது அண்ணி, விரல்ல தெரியணும்" என்பான்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்பது வருஷமாகச் சோதனைக்கு வருகிற வண்டிகளை ஓட்டுகிறது நான்தான். அவன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஸ்டியரிங்கைத் தொடமாட்டான்.

அந்த நாளை இப்போதே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் இவ்வளவும் வந்தது.

என் வீட்டுக்காரர் சாமான் ஏற்றும் வேன் வைத்திருந்தார். தம்பியின் பட்டறை கீழே, எங்கள் வீடு அதற்கு மேல்மாடி. அன்று காலையில் வெளியூர் போய்விட்டு வந்தவர், கண்ணெல்லாம் சிவந்து, "ரெண்டு மணி நேரம் படுத்துக்கறேன், அப்புறம் போறேன்" என்று சொல்லிப் படுத்தார். போக வேண்டியது என் தங்கச்சி வீட்டுக்கு. அவள் வீடு மாற்றுகிறாள். மத்தியானத்துக்குள் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்தவள் நான். முக்கால் மணி நேரம் பொறுத்தேன். முதலில் தோளைத் தட்டினேன். அப்புறம் போர்வையை உருவினேன். "என் தங்கச்சி வேலைன்னா மட்டும் உங்களுக்குத் தூக்கம் வந்துடும்" என்று சொன்னேன். அவர் எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

கீழே தம்பியிடம் அவர் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "முன்னாடி ஊன்னு சத்தம் வருதுடா. என்னன்னு பாரு." இவன் வேனை எடுத்துக்கொண்டு இரண்டு சுற்றுப் போய்விட்டு வந்தான். ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைச் சுற்றினான், ஸ்பிரிங்கில் விரலை வைத்தான், வலதுக்கும் அதே மாதிரி செய்தான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பேரிங் எல்லாம் நல்லா இருக்குண்ணா. டயர்தான். திரும்பி வந்ததும் மாத்திக்கலாம், போயிட்டு வாங்க."

ஒரு மணி நேரத் தூரத்தில், வளைவே இல்லாத நேர் ரோட்டில், வேன் ரோட்டை விட்டு இறங்கிச் சின்னப் பாலத்தின் சுவரில் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். வேனின் இடது முன்சக்கரம் தனியாகக் கழன்று, தள்ளி ஒரு பள்ளத்தில் கிடந்தது. "சக்கரம் கழண்டுடுச்சாமே, முதல்லேர்ந்தே சத்தம் வந்துச்சாமே" என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டு என் கொழுந்தன் பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்தான். ஒரு பகலும் ஒரு இரவும் அவன் எழுந்திருக்கவில்லை.

இருபது நாள் கழித்து, நொறுங்கிய வேனிலிருந்த அவருடைய செருப்பையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்து வரப் போனேன். சக்கரத்தை ஒரு ஓரமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு பெரிய கெட்டிக்காரன் இதைக் கண்டுபிடிக்காமல் விட்டானே, அதை அவன் மூஞ்சியிலேயே காட்டுகிறேன் என்று, அங்கிருந்த ஆளைக் கெஞ்சி, நடுவிலிருக்கும் ஹப்பைப் பேரிங்கோடு கழற்றி வாங்கினேன். இரும்புக் குண்டு கனம் கனத்தது. பக்கத்து ஊரில், எங்களைத் தெரியாத ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் துடைத்துப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்.

"இது கெட்டுப்போச்சுன்னு யாரும்மா சொன்னது? கிரீஸ்கூட கருகல. நல்ல பேரிங். சக்கரம் கழண்டு மோதல. மோதினதுல ஒடிஞ்சு கழண்டிருக்கு" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நேர் ரோடுன்னு சொல்றீங்க. டிரைவர் அசந்துட்டாரோ என்னமோ" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் அந்த ஹப்பு. பேரிங் நன்றாக இருந்தது என்றால் அவர் தூங்கியிருக்கிறார். தூங்கினார் என்றால், தூங்கவிடாமல் எழுப்பியது யார்? வருகிற வழி பூராவும் அந்தப் போர்வை என் கையிலேயே இருந்தது. ஆனாலும், எப்படியாவது கொழுந்தனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அவன் எழுந்து வந்து என் முன்னால் நின்றான். தாடியும் கலைந்த தலையுமாக, "அண்ணி, நான்தான் அவரைக் கொன்னுட்டேன். வார்த்தையால கொன்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நடந்தது. வேறொருவன் எடுத்துக்கொண்ட பாவத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவருடைய பழைய துண்டில் சுற்றியிருந்த ஹப்பை மேஜையில் வைத்து, "இது உங்கண்ணன் வண்டியோட இடது சக்கரத்துது. வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

அவன் அதைப் பிரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், எல்லாம் விளங்கிவிடும். அவன் கைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நானாகச் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவன் அந்தத் துண்டு மூட்டையை ஸ்டூல் போட்டு ஏறி, எல்லாவற்றுக்கும் மேல் தட்டில் வைத்தான். அதன் பிறகு தொடவே இல்லை. ஒன்பது வருஷம் அந்தத் தட்டைத் தவிர மற்ற எல்லாத் தட்டையும் துடைத்தான்.

அதற்கப்புறம் அவன் வாயிலிருந்து 'டயர்' என்ற வார்த்தை வரவில்லை. முனகலோடு எந்த வண்டி வந்தாலும் பேரிங்தான். அதுவும் இரண்டு பக்கமும் மாற்றிவிடுவான். சத்தம் நிற்காவிட்டால் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். ஒரு மளிகைக்கடைக்காரர் வாசலில் நின்று, "வண்டி எனதா உனதாய்யா?" என்று கத்தியதும், இவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சத்தம் நிக்கட்டும், தரேன்" என்று ஒரே பேச்சாகச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் அவர் வேறு சாவி கொண்டுவந்து வண்டியை எடுத்துப்போனார். அன்று முழுக்க இவன் சாப்பிடவில்லை. எங்கே விபத்து என்று செய்தி வந்தாலும் என்ன வண்டி, என்ன நிறம் என்று விசாரிப்பான்.

ஒரு நாள் மாடி ஏறி வந்து, "அண்ணி, ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? இடது முன்சக்கரம் மாதிரியே கேக்குது" என்றான். நிறுத்தினேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் குளிர்ந்த தண்ணீர் கிடையாது. அடுத்த வருஷம் என் தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்க ஆரம்பித்தேன். அந்த மோட்டாரும் அவனுக்கு அப்படியே கேட்டதாம். இதெல்லாம் எனக்குத் தண்டனை என்று சொல்லிக்கொண்டேன். மனுஷி தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்ளும்போது சின்னதாகப் பார்த்துத்தானே எடுத்துக்கொள்வாள்.

என் மகளை அவன்தான் தூக்கி நிறுத்தினான். அப்பா போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே கூட்டிப்போனான், நடந்தே கூட்டிவந்தான், வண்டியில் ஏற்றினதில்லை. அவளுக்குக் கணக்கு வராது, இவனுக்கும் வராது, இரண்டு பேரும் உட்கார்ந்து தப்புத் தப்பாகப் போட்டு என்னிடம் காட்டுவார்கள். ஒரு தடவை நான், "தம்பி, உனக்கும் வயசு ஏறுது. ஒரு பொண்ணு பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். "ஒரு குடும்பத்தைக் கெடுத்தது போதும் அண்ணி" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது என் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, வேறு ஊரில். திங்கட்கிழமை சேர வேண்டும். ஊர் ஊராகப் போகிற வேலை என்பதால், யாரோ ஓட்டிய பழைய கார் ஒன்றை வாங்கினாள். அதன் முன்பக்கத்திலிருந்து முனகல் வந்தது. பதினோரு நாள் கார் பட்டறையில் நின்றது. இரண்டு பேரிங்கையும் மாற்றினான். முனகல் நிற்கவில்லை. அவற்றையும் கழற்றிவிட்டு வேறு கம்பெனிப் பேரிங் போட்டான். அப்போதும் நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவள் அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"சித்தப்பா, சாவியைக் குடுங்க."

"சத்தம் நிக்கட்டும்மா."

"நாளைக்குக் கிளம்பணும் சித்தப்பா."

"உங்கப்பாவும் இப்படித்தான் நின்னாரு" என்றான்.

அவள் என்னைத் தனியாக இழுத்துப்போய், "நான் பஸ்ஸுல போயிடுவேம்மா. ஆனா இவரு இந்தக் காரைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டே உக்காந்திருப்பாரு. இவரை இப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது?" என்றாள்.

"வா, ஒரு ரவுண்டு போகலாம்" என்று அவனை ஏற்றிக்கொண்டேன். மகள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். வேகம் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன், முனகல் இருந்தது. இடப்பக்கம் ஒடித்தேன், வலப்பக்கம் ஒடித்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் சன்னமாக மாறியது. இதற்கு ஸ்டெத்து தேவையில்லை, தையல்காரி போதும்.

"இடது பேரிங்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"நேத்துதானே தம்பி புதுசு போட்டே?"

"புதுசும் கெட்டுப்போகும்."

"டயரை முன்னும் பின்னும் மாத்திப் போட்டுப் பார்க்கலாமே."

அவன் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டறைக்குத் திரும்பி, மகளே ஜாக்கி போட்டு முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாட்டினாள். மறுபடியும் போனோம். முன்பக்கம் அமைதியாகிவிட்டது. "சித்தப்பா! சத்தம் இப்ப என் சீட்டுக்கு அடியிலேர்ந்து வருது!" என்று பின்னாலிருந்து கத்தினாள் மகள். சத்தம் டயரோடு போய்விட்டது. பேரிங் இல்லை, டயர்தான் என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

அவன் தலையை ஆட்டினான். "இல்லம்மா. முன்னாடிதான். இடது."

அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் இத்தனை நாளும் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பிடிவாதக்காரன் முகம் அப்படி இருக்காது. அவனுக்கு நிஜமாகவே முன்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டறைக்குள் காரை நிறுத்தினேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மேல் தட்டிலிருந்த மூட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். லேத் பட்டறைக்காரர் சொன்னதைச் சொன்னேன். பஸ்ஸில் நினைத்ததைச் சொன்னேன். போர்வையைச் சொன்னேன். தங்கச்சியை வைத்து நான் சொன்ன அந்தப் பேச்சைச் சொன்னேன். அவர் நின்றபடியே டீ குடித்ததைச் சொன்னேன். "நீ அன்னைக்குச் சொன்னது சரி தம்பி. டயர்தான். நீ சரியாத்தான் பார்த்தே. அவரைத் தூங்க விடாதவ நான்." மகள் அங்கேயேதான் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

அவன் கத்துவான், மூட்டையைத் தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன். "ஒன்பது வருஷமா அண்ணி?" என்று மட்டும் கேட்டான். பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை.

துண்டைப் பிரித்தான். பழைய கிரீஸில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக உரித்தான். ஹப்பை இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கையால் சுற்றிவிட்டான். ஒன்பது வருஷம் கிடந்த இரும்பு, முதலில் கொஞ்சம் முரண்டிவிட்டு, அப்புறம் வழுவழுவென்று சுழன்றது. விரல்களை அதன் மேல் வைத்தான். மறுபடி சுற்றினான், மறுபடி வைத்தான். மகள் போய் ஃபேனை நிறுத்தினாள். கழுத்திலிருந்த ஸ்டெத்தை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பேரிங்கின் மேல் வைத்துக் கேட்டான்.

"விரல்ல ஒண்ணும் தெரியல" என்றான். "நல்ல பேரிங்."

"ஆமா தம்பி, ஆமா" என்று நான் அழுதுவிட்டேன்.

அவன் ஸ்டெத்தைக் காதிலிருந்து கழற்றினான். ஹப்பு தானாக வேகம் குறைந்து, அவன் கையிலேயே நின்றது. அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வண்டிகளைக் கேட்கிறபோது செய்வது மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆனா கேக்குதே அண்ணி."

"நின்னுடுச்சு தம்பி. பாரு, சுத்தறது நின்னுடுச்சு."

"சுத்தறது நின்னுடுச்சு" என்றான். "சத்தம் நிக்கல."

ஹப்பை அதே துண்டில் வைத்தான். பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து, கிரீஸ் படாமல் நுனியைத் துடைத்து, என் மகளிடம் நீட்டினான். "டயர்தான்மா. நாலையும் மாத்திடு. மாத்திட்டு போயிட்டு வா." ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னான். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, அவன் தோளில் ஒரு நிமிஷம் முகத்தைப் புதைத்துவிட்டுப் போனாள். என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் வாசலில் நின்றான். திரும்பிய பிறகும் நின்றான்.

நான் மாடி ஏறப் போனபோது கூப்பிட்டான்.

"அண்ணி, ஃப்ரிட்ஜைப் போட்டுக்கோங்க. மெஷினுக்கும் மோட்டாரை மாட்டிக்கோங்க" என்றான். குரலில் கோபமே இல்லை, என்னைத் தேற்றுகிற குரல்தான் அது. "அதுலேர்ந்தெல்லாம் வரல. எனக்கு இப்பதான் தெரியுது."

மகள் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அவனோடு தினமும் பேசுகிறாள். அவன் கீழே மற்றவர்களின் வண்டிகளைப் பார்த்து, டயர் என்றால் டயர் என்றே சொல்லி, சாவியைக் கொடுத்து அனுப்புகிறான். எல்லாம் விரலை வைத்துத்தான். காதை இப்போது அவன் நம்புவதில்லை. நான் இன்னும் மெஷினைக் காலால்தான் மிதிக்கிறேன். ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கையில் எடுப்பதும், திரும்ப வைத்துவிடுவதுமாக இருக்கிறேன்.